ரைலியின் வோல்டேஜும் ஆறு வீட்டு சௌனாவும்

இப்போது வரும் ப்ராசஸர்கள் புத்திசாலிகள். வேலை வந்தால் தாமே வேகம் கூட்டிக்கொள்கின்றன, சூடு ஏறினால் தாமே குறைத்துக்கொள்கின்றன. பக்கத்தில் ஒரு மனுஷி நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் ஒரு புள்ளி வோல்டேஜ் கொடுக்கலாமா வேண்டாமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. "நல்லதுதானே" என்பார் ரைலி மொய்லனென். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். அவருக்கு அது அப்படி ஒன்றும் நல்லதாகத் தெரியவில்லை என்பது பழகியவர்களுக்குப் புரிந்துவிடும்.

பின்லாந்தில் கஜானி ஊருக்குக் குளிர்காலத்தில் வெந்நீர் அனுப்பும் ஆலையில் ரைலிக்கு வேலை. சதுப்பு நிலத்தில் வெட்டிய கரியை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, பூமிக்கடியில் குழாய் வழியே வீடு வீடாக அனுப்புவார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதும், அரை மணிக்கு ஒருமுறை எழுதிவைப்பதும் ரைலியின் பொறுப்பு. அழுத்தம் இவ்வளவு, சூடு இவ்வளவு. எட்டு மணி நேரத்தில் ஒரு எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை என்றால் அது நல்ல ஷிஃப்ட். தேவைக்கு மேல் ஒரு கூடை கரி எரிந்தாலும் ரைலிக்கு அன்று சோறு இறங்காது.

புருஷன் கௌகோ தொண்ணூற்றாறில் "மூணே மாசம்" என்று சொல்லிவிட்டு ஸ்வீடனுக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு ரைலியைத் தலைமுழுகிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதுவும் ஸ்வீடிஷில். ரைலி அவருடைய தூண்டில் சாமான்களை அள்ளி நகராட்சிக் குப்பை மேட்டில் போட்டுவிட்டு அந்த அறையைக் கூட்டிப் பெருக்கினார். இரண்டு வருஷம் அறை காலியாகவே கிடந்தது.

பிறகு ஆலையில் முள்ளுகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். எல்லோருக்கும் நான்கு நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த இன்ஜினியர், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாராம். ஒரு தடவை சொல்லியிருந்தால் ரைலி திறந்திருக்க மாட்டார். அடுத்த மாதமே ஒரு பெட்டியும் உதிரி பாகங்களும் வாங்கிவந்து கௌகோவின் அறையில் பரப்பிவிட்டார்.

அந்தக் காலத்து ப்ராசஸர் ஒரு பிஸ்கட் அளவு இருக்கும். அதன் முதுகில் தங்க நிறத்தில் பொடிப்பொடிக் கோடுகள். தயாரித்தவர்களே சில கோடுகளை வெட்டிவிட்டு அனுப்புவார்கள், வேகத்தை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று. அந்த வெட்டை சாதாரண பென்சிலால் தேய்த்து ஒட்டிவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்தபோது பின்லாந்து முழுக்கப் பென்சில் சீவினார்கள். ரைலி மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு கோட்டையும் ஒட்டினார். அவ்வளவுதான், 1333 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 1600ல் ஓட்டலாம். யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்ட வேகம் அது. அதில் ஒரு குஷி இருந்தது. இப்போது அதை யாரிடம் சொன்னாலும் புரிவதில்லை.

வேகத்தைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. அந்த வேகத்தில் தடுமாறாமல் ஓடவைக்கும் வோல்டேஜைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. குறைவாகக் கொடுத்தால் ப்ராசஸர் கணக்கில் தப்பு விடும். அதிகம் கொடுத்தால் சூட்டில் வேகும். ரைலி ஆலைக் குறிப்பேடு மாதிரியே ஒன்று போட்டார். 1.75 வோல்டில் எழுந்திருக்கவே இல்லை. 1.775ல் எழுந்தது, திரை நீலமாகி விழுந்தது. 1.80ல் பதினோரு மணி நேரம் ஓடிவிட்டுத் தப்பு விட்டது. 1.825ல் சோதனைக் கணக்கைக் கொடுத்து இருபத்துநான்கு மணி நேரம் விட்டார். ஒரு தப்பு இல்லை. 1.85 வைத்தால் இன்னும் பாதுகாப்பு என்று, ரைலி இணையத்தில் சேர்ந்திருந்த குழுவில் சிலர் எழுதினார்கள். தேவைக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கொடுக்கக் கூடாது என்பது ரைலியின் கொள்கை. 1.825லேயே விட்டார். சந்தேகத்துக்கு இன்னும் ஐந்து தடவை சோதித்தார். ஞாயிறு மாலை தொடங்கித் திங்கள் மாலை வரை, செவ்வாய் தொடங்கிப் புதன் வரை, இப்படி. ஒவ்வொரு தடவையும் தேறியது.

சனிக்கிழமை சோதிக்கவில்லை. அது யாருக்கும் வித்தியாசமாகவும் தோன்றவில்லை. சனிக்கிழமை வீடு கூட்டுகிற நாள், சௌனா என்ற ஆவிக்குளியல் அறையில் உட்கார்கிற நாள், சாசேஜ் சுட்டுத் தின்கிற நாள். அன்றைக்குப் போய் யாராவது சோதனை வைப்பார்களா.

ரைலியின் வீடு ஆறு வீடு ஒட்டிய வரிசையில் நான்காவது. எழுபத்துநான்கில் கட்டியது. ஆறு வீட்டிலும் ஆளுக்கொரு சௌனா, கல்லைச் சூடாக்கும் மின் அடுப்போடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பழைய கேபிள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் அடுப்பைப் போடும்போது சமையலறை விளக்கு ஒரு கணம் மங்கிப் பிறகு சுதாரிக்கும். இருபது வருஷமாகப் பார்த்ததால் அதை யாரும் பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டு ஒஸ்ஸி கொமுலைனென் பஸ் ஓட்டியவர். அவருக்கு ரைலியைச் சீண்டாமல் பொழுது போகாது. குளிர்காலத்தில் ரைலி கம்ப்யூட்டர் அறை ஜன்னலைத் திறந்துவைப்பார், காசில்லாத குளிர் ஆயிற்றே. ஒஸ்ஸி பனி அள்ளிக்கொண்டே, ஊருக்கு வெந்நீர் அனுப்புகிறவள் ஆகாயத்துக்கும் அனுப்ப ஆரம்பித்துவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். கம்ப்யூட்டரைக் குளிரவைக்கும் மின்விசிறியின் சத்தத்துக்கு ஹெலிகாப்டர் என்று பேர் வைத்ததும் அவர்தான். ஒஸ்ஸியின் மனைவி தெல்லெர்வோ மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். உருளைக்கிழங்கும் சிவப்பு லிங்கன் பழமும் வைத்துச் சுட்ட ரொன்ட்டொனென் பணியாரத்தைத் தட்டோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

ரைலி இந்த வேகத்தையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று கேட்கலாம். பகா எண் தேடினார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு எண் கொடுப்பார்கள். நாற்பது லட்சம் இலக்கம் கொண்ட ராட்சச எண். அது பகா எண்ணா இல்லையா என்று பார்க்க ரைலியின் கம்ப்யூட்டருக்கு ஐந்து வாரம் ஆகும். கடைசியில் 'இல்லை' என்று வரும். அடுத்த எண். அதுவும் 'இல்லை.' எல்லோருக்கும் 'இல்லை'தான் வரும். ஆனால் யாரோ ஒருவருக்கு, சில வருஷத்துக்கு ஒருமுறை, 'ஆம்' என்று வரும். எவருடைய கம்ப்யூட்டர் முதலில் 'ஆம்' சொல்கிறதோ அவர் பெயர் அந்த எண்ணோடு எழுதப்படும், கணக்கு என்று ஒன்று இருக்கும் வரை.

ரைலிக்கு அது வேண்டும். வெளியே சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் கௌகோ பெயர், தபால் பெட்டியில் கௌகோ பெயர். ஆலையிலோ கட்டுப்பாட்டு அறையை மூடிவிட்டு ஊலு நகரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு. இருபத்துநான்கு வருஷம் எழுதிய குறிப்பேடுகளில் ஓரத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கம் தவிர அவர் பெயர் எங்கும் கிடையாது. ஒரே ஒரு எண்ணாவது தன் பேரில் இருக்கட்டும் என்று நினைத்தார்.

குழுவில் பதினோரு பேர். யாரும் யாரையும் பார்த்ததில்லை, எழுத்துப் பழக்கம்தான். மற்ற ஊர்க்காரர்கள் வானிலை பேசுவது போல இவர்கள் ப்ராசஸரின் சூட்டைப் பேசுவார்கள். "இன்னைக்கு எனக்கு நாப்பத்தொண்ணு, உனக்கு?" அதில் ஒருவர் மட்டும் இப்படி வேகம் ஏற்றி ஓவர்க்ளாக் செய்யாதவர்: ஜோயென்சூவில் தேவாலய சபை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஹெய்மோ துருனென். சபையே கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் அவருடையது. அது ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும், பெரிய வெள்ளிக்கு உபவாசம் இருக்கும் என்று குழுவே கலாய்க்கும். ரைலியும் கலாய்த்திருக்கிறார். அந்த நத்தைக்குப் புது எண் எதுவும் தாங்காது. மற்றவர்கள் மூன்று வருஷத்துக்கு முன்னால் முடித்ததைத் திரும்பச் சரிபார்க்கும் வேலையைத்தான் கொடுப்பார்கள். ஹெய்மோ கோபப்பட்டதே இல்லை. "யாராவது திரும்பப் பாக்கணுமில்லையா" என்று மட்டும் எழுதுவார்.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரி கடைசி ஞாயிறு அந்த எண் ரைலிக்கு வந்தது. ஐந்து வாரம் ஹெலிகாப்டர் பறந்தது. மார்ச் மூன்றாம் தேதி முடிந்தது. 'இல்லை.' ரைலி காப்பி போட்டுக் குடித்துவிட்டு அடுத்த எண்ணைக் கேட்டார். அன்று மாலை பனி உருக ஆரம்பித்திருந்தது என்பது அவர் குறிப்பேட்டில் இருக்கிறது.

மூன்று வருஷம் போனது. இரண்டாயிரத்து ஐந்து பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஹெய்மோவின் குரலை ரைலி அதற்கு முன் கேட்டதே இல்லை. மெல்லிய குரல், கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"ரைலி, தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு. எனக்கு 'ஆம்'னு வந்திருக்கு."

ரைலி வாழ்த்துச் சொன்னார். மனசார. சபைக் கம்ப்யூட்டரா என்று சிரிக்கவும் செய்தார். ஹெய்மோ சிரிக்கவில்லை.

"இது மறுபரிசோதனை எண். முதல் தடவ இதப் பாத்தது நீங்க."

ரைலி நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்தார். ஐந்து வாரம் அவருடைய அறையில், அவருடைய ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த எண். கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் ஹெய்மோ மெதுவாகச் சொன்னார், மற்றவர்கள் சரிபார்த்து அறிவிக்க இரண்டு வாரம் ஆகும், இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போடும்படி தான் எழுதிக் கேட்கலாம், தனக்கு அதில் வருத்தமில்லை என்று.

"வேண்டாம்" என்றார் ரைலி. "என் மெஷின் பொய் சொல்லிடுச்சு. பொய்க்குப் பேர் போடுவாங்களா? ஆனா எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

இரண்டு பேருமே எழுதிவைக்கும் ஜாதி, அது அன்று உதவியது. கணக்கு ஓடும்போது அரை மணிக்கு ஒருமுறை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி விழும். எந்தக் கம்ப்யூட்டரில் ஓடினாலும் கணக்கு அதே இடத்துக்கு வரும்போது அதே குறிதான் வர வேண்டும். ரைலி அந்தக் குறிகளையும், கணக்கு நிற்கும் நிலையையும் ஒவ்வொரு ஞாயிறு காலையும் சி.டி.யில் பதிந்து தேதி எழுதி அடுக்கியிருந்தார். ஹெய்மோ அங்கிருந்து வாசிக்க, ரைலி இங்கே பார்த்தார். பிப்ரவரி பத்து, சரி. பதினேழு, சரியில்லை. இடையில் வியாழன், சரி. வெள்ளி, சரி. சனிக்கிழமை மத்தியானம், சரி. சனிக்கிழமை ஐந்து முப்பத்துநாலு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்கள், சரி. அடுத்த குறி ஆறு மணி கடந்து நாலு நிமிஷம்.

சரியில்லை. அதற்கப்புறம் எதுவுமே சரியில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு என்ன என்று ஹெய்மோ கேட்டார். ரைலிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினார்: அன்று மைனஸ் முப்பத்தொன்று. வெளியே வரிசையாகக் காரெல்லாம் இன்ஜின் உறையாமலிருக்க மின் வயர் செருகியிருந்த நாள். தொலைக்காட்சியில் ஒலிம்பிக், அது தொடங்குவதற்குள் குளித்து முடிக்க ஆறு வீடும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போட்ட நாள். விளக்கு வழக்கத்தைவிட நீளமாக மங்கியிருக்கும். வந்த மின்சாரமே தாழ்ந்தபோது, ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்காமல் அளந்து கொடுத்திருந்த 1.825 எங்கே நின்றிருக்கும். ப்ராசஸர் ஒரே ஒரு கூட்டலில் தடுக்கியது. விழவில்லை, நீலத் திரை காட்டவில்லை, எழுந்து ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது ரைலி எங்கே இருந்தார் என்றால், துண்டைக் கட்டிக்கொண்டு தன் சௌனாவில் கல் சூடாகக் காத்திருந்தார். ஆறாவது அடுப்பு அவருடையது.

அன்று மாலையே ரைலி பழைய சி.டி.யைப் போட்டார். பிப்ரவரி பத்தாம் தேதி நின்ற இடத்திலிருந்து மிச்சக் கணக்கை மறுபடி ஓட்டுவது என்று முடிவு. மூன்று வாரம் ஆகும். அதனால் ஒரு லாபமும் இல்லை, பெயர் ஹெய்மோவுடையதுதான். ஆனால் அதே ப்ராசஸரில், தன் திரையில், அந்த 'ஆம்' வருவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். ஹெய்மோவிடம் சொன்னார்: இந்த முறை 1.85 வைக்கிறேன், ஊரே சௌனா போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரு புள்ளிதான். மூன்று வருஷத்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய புள்ளி. அதைத் திருகும்போது ரைலிக்குத் தன்மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை பனி அள்ளும்போது அந்த எரிச்சல் ஒஸ்ஸியின் தலையில் விடிந்தது. அவர் வழக்கம்போல, "என்ன ரைலி, ஹெலிகாப்டர் இன்னைக்கு ஒரு மாதிரி உறுமுது?" என்று ஆரம்பித்தார்.

"சிரிக்காத ஒஸ்ஸி. நான் ஆயுசு பூரா தேடின நம்பர் என் வீட்டுல இருந்திருக்கு. உங்க சௌனாவெல்லாம் சேந்து அதத் தின்னுடுச்சு. இப்ப ஜோயென்சூ சபை ஆபீஸ்ல இருக்கிற துருனென் பேருக்குப் போயிடுச்சு." தன் சௌனாவையும் சேர்த்துச் சொல்லத்தான் நினைத்தார், வாய் முந்திக்கொண்டது. பிறகு விஷயம் முழுவதையும் படபடவென்று கொட்டினார்: கேபிள், ஆறு மணி, தப்பின கணக்கு, மறுபடி ஓடும் மூன்று வாரம். ஒரு புள்ளி ஏற்றியதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, கோபத்தில் விட்டுப்போய்விட்டது.

ஒஸ்ஸி மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார். பதிலுக்கு ஒரு கிண்டல் இல்லை. "அப்படியா" என்றார். மிச்சப் பனியை அள்ளிவிட்டு உள்ளே போனார். அவர் அப்படிப் பேசாமல் போனது அதுவே முதல் தடவை, ரைலிக்குச் சங்கடமாகிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. ரைலி தன் அடுப்பைப் போடவில்லை. தேவையில்லை என்று தெரியும், ஆனாலும் கை வரவில்லை. ஆறு மணிக்குச் சமையலறையில் நின்று விளக்கைப் பார்த்தார். அது மங்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்தும் மங்கவில்லை. கடிகாரம் தப்போ என்று வானொலியைப் போட்டுப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை அந்த நேரத்துக்கு ஒவ்வொரு வாசலிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, உடம்பில் ஆவி பறக்க யாராவது நிற்பார்கள். ஆறு வாசலும் வெறிச்சென்று இருந்தன. ஒஸ்ஸி மட்டும் தன் வாசலில், முழுக்கால்சட்டையும் குல்லாயுமாக, பொதுக்கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"குளிக்கலையா?" என்றார் ரைலி.

"உன் மெஷின் ஓடுதுல்ல" என்றார் ஒஸ்ஸி. "எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன். மூணு சனிக்கிழமைதானே."

இதைப் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் சண்டை நடந்த காலத்திலேயே பதுங்குகுழிக்குப் பக்கத்தில் சௌனா கட்டியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் சௌனாவில், செத்தவரைக் குளிப்பாட்டியதும் சௌனாவில். சனிக்கிழமை சௌனா இல்லை என்றால் அந்த வாரம் முடியவே இல்லை என்று அர்த்தம். ஆறு வீடு, பதினைந்து பேர், ஒருத்தியின் தோற்றுப்போன எண்ணுக்காக அடுப்பைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ரைலி வாயைத் திறந்தார். ஒரு புள்ளி ஏற்றிவிட்டேன், போய் அடுப்பைப் போடுங்கள் என்று ஒரு வரி. அதைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் இந்த ஆறு வாசலின் அமைதி என்ன ஆகும். கௌகோ போன பிறகு தனக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுத்தது அவருக்கு ஞாபகமில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அது இருக்கட்டும் என்று நினைத்தார். அந்த நிமிஷத்துக்குள் ஒஸ்ஸி, குளிருது, உள்ளே போ என்று சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டார். ரைலி உள்ளே வந்து கௌகோவின் அறையில் ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தார். அடுத்த வாரம் முதல் வீட்டுக்காரி, ஷவரில் நின்று குளிப்பதெல்லாம் ஒரு குளியலா என்று தெல்லெர்வோவிடம் புலம்பியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. தெல்லெர்வோ, பல்லைக் கடித்துக்கொள், ரைலிக்காக என்று சொன்னதும் கேட்டது. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது. மூன்றாவது சனிக்கிழமைக்குள் ஊர்ப் பத்திரிகையில் ஹெய்மோவின் படம் வந்துவிட்டது, கேக்குக்குப் பின்னால் கூச்சத்தோடு நின்றார். முதல் பரிசோதனையைச் செய்த ரைலி மொய்லனெனின் குறிப்புகள் இல்லாவிட்டால் தவறு நடந்த இடம் தெரிந்திருக்காது என்று ஒரு வரி சொல்லியிருந்தார். ஒஸ்ஸி அதைக் கத்தரித்துப் பொதுத் தபால் பெட்டியில் ஒட்டினார்.

மார்ச் ஆறு, ஞாயிறு மத்தியானம் மூன்றரை மணிக்கு முடியும் என்று கணக்குக் காட்டியது. ரைலி யாரையும் கூப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஒஸ்ஸியும் தெல்லெர்வோவும், அவர்களுக்குப் பின்னால் மற்ற நான்கு வீட்டுக்காரர்களும், வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு, கையில் சுட்ட பண்டங்களோடு. கௌகோவின் அறையில் நிற்க இடமில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் நின்றார்கள். யாருக்கும் திரையில் ஓடுவது என்னவென்று தெரியாது. ஆனாலும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

'ஆம்' என்று வந்தது. சின்ன எழுத்தில், ஒரே வரியில், மற்ற வரிகளைப் போலவே. ரைலி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு குறிப்பேட்டை எடுத்துத் தேதியும் நேரமும் எழுதி, ஓரத்தில் சுருக்கமாக இல்லாமல் தன் பெயரை முழுசாக எழுதினார்.

"வந்துடுச்சா?" என்று கேட்டார் ஒஸ்ஸி.

"வந்துடுச்சு."

"அப்போ இனிமே அடுப்பப் போட்டுக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை யாரும் சௌனா போடுவதில்லை. அன்று நாலு மணிக்கு ஆறு அடுப்பும் எரிந்தன. விளக்கு மங்கியது. 1.85ல் நின்ற ப்ராசஸர் அடுத்த கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்தது ரைலி ஒருவர்தான். குற்றவாளி மாதிரி திரையை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்தக் கட்டுப்பாட்டு அறையை அடுத்த வருஷம் மூடினார்கள். குழுவும் மெல்லக் கலைந்தது. பென்சிலால் ஒட்டக்கூடிய ப்ராசஸர் வருவது நின்றுபோனது. ஹெய்மோ ஒவ்வொரு பிப்ரவரியும் தொலைபேசியில் கூப்பிடுவார். இருவரும் தங்கள் வீட்டு வெயில் மழையைப் பேசுவார்கள், யாருடைய ப்ராசஸர் எவ்வளவு சூடு என்று கேட்டுக்கொள்ள இப்போது ஒன்றுமில்லை. ஒஸ்ஸி மட்டும் கடைசிவரை சீண்டினார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் ரைலிக்கு அந்த ஒரு புள்ளி உறுத்தும். இவ்வளவு நல்ல மனுஷனை மூன்று வாரம் முட்டாளாக்கி உட்காரவைத்தோமே என்று.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று இலையுதிர் காலத்தில் ஒஸ்ஸி இறந்துபோனார். அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் காப்பி. ரைலி தெல்லெர்வோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இனிமேலும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மூன்று சனிக்கிழமையும் யாரும் குளிர்ந்து கிடந்திருக்க வேண்டியதில்லை, தான் முதல் நாளே வோல்டேஜை ஏற்றிவிட்டதாகச் சொன்னார். ஒஸ்ஸியிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்றார்.

தெல்லெர்வோ கேக்கை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியுமே. நீ பனி அள்ளும்போது கத்தினியே, அன்னைக்கே ஜோயென்சூ சபை ஆபீஸுக்கு ஃபோன் போட்டிருக்காரு. சௌனாவ நிறுத்தணுமான்னு கேட்டாராம். தேவையே இல்ல, ரைலி வோல்டேஜ ஏத்திட்டாங்கன்னு அந்தத் துருனென் சொல்லிட்டாராம்."

பிறகு ஏன் நிறுத்தினார் என்று ரைலி கேட்டார்.

"எங்கிட்டயே போன மாசம் ஆஸ்பத்திரியிலதான் சொன்னாரு. எனக்கு வந்த கோபம் இருக்கே. மூணு சனிக்கிழமை ஹோட்டல்ல தங்க வந்தவ மாதிரி ஷவர்ல நின்னு குளிச்சிருக்கேன். ஏன்யா இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன்." தெல்லெர்வோ ஒரு துண்டு கேக்கை ரைலியின் தட்டில் வைத்தார். "'கெடுத்தது நாம ஆறு வீடும் சேந்து. அவ மட்டும் தனியா உக்காந்து காத்திருக்கணுமா'ன்னாரு."

ரைலிக்குச் சிரிப்பு வந்தது. சபைக் கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார், கண்ணிலிருந்து வழிந்தது கேக்கில் சொட்டும்வரை. பதினெட்டு வருஷமாக, ஏமாற்றியது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.